கோபத்தை இறக்கி வைத்த வாசற்படி

பி.ஏ. இறுதியாண்டில் எங்களுக்கு ஆங்கிலப் பயன்பாடு எடுத்த விரிவுரையாளர், பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் வகுப்பில், பெயர்ப் பட்டியல் வரிசைப்படி ஆளுக்கொரு வினைத்தொடரைக் கொடுத்தார். எல்லாம் மன உணர்ச்சிகளைப் பற்றியவை. என் பக்கத்தில் இருந்தவளுக்கு 'சியர் அப்' கிடைத்தது. அவள் அப்போதே எழுதத் தொடங்கிவிட்டாள். எனக்குக் கிடைத்தது 'டேக் இட் அவுட் ஆன்'. அகராதியையோ உரைநூலையோ பார்க்கக் கூடாது, நேரில் கண்ட ஐந்து நிகழ்ச்சிகளை ஒரு மாதத்துக்குள் எழுத வேண்டும், ஒவ்வொன்றிலும் அந்தத் தொடர் எப்படிப் பொருந்துகிறது என்று காட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

பொருள் எளிதானதுதான். ஒருவர்மேல் உள்ள கோபத்தை, அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொருவர்மேல் தீர்த்துக்கொள்வது. ஆனால் எழுத உட்கார்ந்தபோது, இந்தத் தொடருக்கு மூன்று பேர் தேவைப்படுகிறார்கள் என்பதைக் கவனித்தேன். கோபப்படுகிறவர் ஒருவர், கோபத்துக்குக் காரணமானவர் ஒருவர், ஒன்றும் செய்யாத மூன்றாவது ஆள் ஒருவர். இரண்டு பேர் மட்டும் இருந்தால் அது சண்டை. அதற்கு இந்தத் தொடர் பொருந்தாது. மூன்றாவது ஆள் உயிருள்ளவராக இருக்க வேண்டியதில்லை. கதவாக இருக்கலாம், சாப்பாட்டுத் தட்டாக இருக்கலாம். இதற்குச் சரியான தமிழ் என்ன என்று யோசித்தேன். 'காட்டுவது' என்கிறோம்: அவர்மேல் உள்ள கோபத்தை இவர்மேல் காட்டுவது. அது எனக்கு நிறைவாக இல்லை. காட்டுவது என்றால் பார்க்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலத் தொடரில் ஏதோ ஒன்று உள்ளேயிருந்து வெளியே எடுக்கப்படுகிறது. எடுத்ததை ஒருவர்மேல் வைத்தாக வேண்டியிருக்கிறது. அந்த வைப்பு தமிழில் வரவில்லை.

உதாரணங்களுக்கு நான் வெகுதூரம் போகவில்லை. எங்கள் வீட்டில் கோபம் எந்த வழியாக வரும், எங்கே நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் டாலி கிளார்க். ஆற்றங்கரை நெல்வயல் ஊரில் பிறந்தவர், இந்த வேலைக்காகக் கடற்கரைக்கு வந்தவர். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளைப் பக்கத்தில் நின்று எண்ணி, நான்கு நேர்க்கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துத் தாளில் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அவர் பயன்படுத்தியது மைப்பென்சில். பேனா மை கடல் ஈரத்தில் கலைந்துவிடும். சாதாரணப் பென்சிலை யாரும் அழித்துத் திருத்திவிடலாம். மைப்பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினால் எழுத்து ஊதா நிறமாகிவிடும், அதன் பிறகு அழியாது. அந்த வேலையில் பழைய ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். அதனால் அப்பாவின் நாக்கும் கீழுதட்டின் நடுப்பகுதியும் ஊதாவாக இருக்கும். பெரிய கப்பல் வந்த நாளில் நிறம் அடர்த்தியாக இருக்கும், வேலை குறைந்த நாளில் வெளிறியிருக்கும். அம்மா அவர் வாயைப் பார்த்தே எவ்வளவு நேரம் நின்றிருக்கிறார் என்று கணக்கிட்டு வெந்நீர் வைப்பாள்.

இரண்டாமாண்டில் ஒருமுறை என் வகுப்புத் தோழிகள் மாதா கோயில் திருவிழாவுக்கு வந்துவிட்டு வீட்டுக்கும் வந்தார்கள். அப்பா வேலையிலிருந்து நேரே வந்து, எல்லோரையும் பார்த்து வாயைத் திறந்து சிரித்தார். அவர்கள் போன பிறகு, ஆட்கள் வந்திருக்கும்போது வாயைக் கழுவிவிட்டு வந்தால் நன்றாக இருக்கும் என்று அவரிடம் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் சரி என்றார். அதன்பின் வாசலில் அறியாத செருப்பு கிடந்தால், அவர் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்த பிறகே உள்ளே வருவார். இந்தச் செய்தியை நான் எந்த உதாரணத்திலும் சேர்க்கவில்லை. அதில் யாரும் கோபப்படவில்லை.

நோட்டில் நான்கு நிகழ்ச்சிகள் சேர்ந்தன. துறைமுகச் சரக்கு ஷெட்டில் மேஸ்திரியோடு தகராறு செய்துவிட்டு வந்த அப்பா, ரசத்தில் உப்புக் கூட என்று தட்டை ஒரு முழம் தள்ளி வைத்தது. தள்ளினாரே தவிரக் கவிழ்க்கவில்லை, அந்த வேறுபாட்டையும் குறித்திருந்தேன். அதே நாள் அம்மா, அப்பாவின் சட்டையை விட்டுவிட்டு என் தாவணியைத் துவைகல்லில் தேவைக்கு மேல் அடித்தது. வேம்பாரிலிருந்து வந்த பேருந்தில் கண்டக்டரோடு மனத்தாங்கலாக இருந்த டிரைவர், சாலையோரம் சும்மா நின்ற ஆடுகளுக்கெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நான்காவது, ஆறுமுகநேரியிலிருந்து வந்து படித்த தோழி சொன்னது: காலம் தப்பிப் பெய்த மழை உப்புப் பாத்திகளைக் கரைத்துவிட, அவளுடைய சித்தப்பா வீட்டுக்கு வந்து குடையை எடுத்து மடக்கி உடைத்தார். மழையை இரண்டாவது ஆளாகக் கொள்ளலாமா என்று எனக்கு ஐயம் இருந்தது. நேரில் கண்டதில்லை என்பதால் விரிவுரையாளர் அதை அடித்துவிட்டார். பேருந்து ஆடுகளுக்கு மட்டும் 'நன்று' என்று எழுதி, கடைசியில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்: ஐந்தாவது எங்கே? எனக்கு ஐந்தாவது கிடைக்கவில்லை. தேர்வு வந்தது, நோட்டு அலமாரிக்குப் போனது.

ஜூன் மாதம் தேர்வு முடிவு வந்தபோது என் வகுப்பில் இரண்டாவதாக இருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக்கு எம்.ஏ. ஆங்கில இலக்கிய விண்ணப்பம் வாங்கி நிரப்பினேன். சேர்ந்தால் விடுதியில் தங்க வேண்டும். படிவத்தின் நான்காம் பக்கத்தில் தந்தை அல்லது காப்பாளர் கையொப்பத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அது மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். வியாழக்கிழமை காலைத் தபாலில் போட்டால் சேர்ந்துவிடும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலையில் அப்பாவிடம் நீட்டுவது என்று முடிவு செய்தேன். ஆறு நாள் இருக்கிறது, அவசரப்படுத்தியதாக ஆகாது என்பது என் கணக்கு.

அந்த வாரம் ஷெட்டில் நடந்தது எனக்கு அப்போது தெரியாது. எதிர்வீட்டுக்காரரும் அப்பாவோடு வேலை செய்தவர். அவர் மனைவி அம்மாவிடம் சொல்லி, அம்மா பின்னால் எனக்குச் சொன்னாள். புதிய துறைமுகத்தில் கப்பல்கள் நேரடியாகக் கரையை ஒட்டி நிற்கத் தொடங்கியபின், அப்பாவின் கம்பெனிக்கு இளைஞர் ஒருவர் சூப்பர்வைசராக வந்திருந்தார். எம்.ஏ. படித்தவர். கணக்குத் தாள்களைப் பால்பாயிண்ட் பேனாவில்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். அப்பா இரண்டு நாள் எழுதிப் பார்த்து, ஈரத் தாளில் பேனா ஓடவில்லை என்று மைப்பென்சிலுக்குத் திரும்பியிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை, மூட்டை தூக்கும் ஆட்கள் எல்லோரும் நிற்கையில், அந்த இளைஞர் வந்து, "பெரியவரே, நாக்கைக் காட்டுங்க பாப்போம்" என்றிருக்கிறார். அப்பா காட்டவில்லை. ஆட்கள் சிரித்திருக்கிறார்கள். பிறகு அந்த இளைஞர் அப்பாவின் கையிலிருந்த பென்சிலை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இது தெரியாமல், அன்று மாலை அப்பா காப்பி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, நான்காம் பக்கம் மேலே இருக்கும்படி படிவத்தை மடித்து, பேனாவோடு அவரிடம் நீட்டினேன். அவர் உதடு சுத்தமாக இருந்ததைக் கவனித்தேன். அதன் பொருளை யோசிக்கவில்லை.

அப்பா படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது என்னது, எம்.ஏ.வா?"

ஆமாம் என்றேன்.

"இங்கன ஒருத்தன் எம்.ஏ. படிச்சுட்டு வந்து ஊரான் நாக்கைப் பாத்துக்கிட்டுத் திரியுதான். வீட்டுக்குள்ளயும் ஒண்ணு வேணுமோ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அப்பா படிவத்தையும் பேனாவையும் என் பக்கமே நகர்த்தினார். தட்டை நகர்த்துவது போல, ஒரு முழம்.

"கையெழுத்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. படிச்சது போதும்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீயும் அதத்தானே சொன்னே. வாயக் கழுவுங்கன்னு."

படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அன்றிரவு அம்மாவிடம் விவரம் கேட்டு அறிந்தபின், மனத்துக்குள் மூன்று பேரையும் வரிசைப்படுத்த முடிந்தது. கோபப்பட்டவர் அப்பா, காரணம் அந்த இளைஞர், மூன்றாவது ஆள் நான். தொடர் துல்லியமாகப் பொருந்தியது. ஆனால் அப்பா கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது இருக்கும்வரை நான் ஒன்றும் செய்யாத ஆள் ஆக மாட்டேன். காப்பாளர் என்று போட்டு அம்மா கையொப்பமிட முடியுமா என்று கேட்டேன். அவர் உயிரோடு வீட்டில் இருக்கும்போது நான் போட மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை விடியற்காலையில் அம்மா நெல் அவிக்கும் வேலைக்காக அப்பா பிறந்த ஊருக்குப் போனாள். அப்பா முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

எங்கள் தெருவுக்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து மீன் கொண்டு வருகிறவர் நாற்பது வயதிருக்கக்கூடிய ஒரு பெண். அவர் கணவர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். தெருவில் முதல் வீடு எங்களுடையது என்பதால், பெரும்பாலும் அன்றைய போணி, அதாவது முதல் விற்பனை, எங்கள் வாசலில்தான் ஆகும். அதற்கென்று சில முறைகள் இருந்தன. தலையிலிருக்கும் ஓலைப்பெட்டி கனமானது. இறக்கி வைக்க ஒரு கை கொடுக்க வேண்டும், திரும்ப ஏற்றிவிடவும் கொடுக்க வேண்டும். போணி ஆகும்வரை மீனைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பப் பெட்டியில் போடக் கூடாது. 'வேண்டாம்' என்ற சொல்லைச் சொல்லவே கூடாது. வாங்க முடியாத நாளில், "போயிட்டு வா" என்று சொல்ல வேண்டும், அவர் புரிந்துகொள்வார். முதல் காசு கைக்கு வந்ததும் அதை நெற்றியில் தொட்டுச் சிலுவை வரைந்து முந்தானை முடிச்சில் போட்டுக்கொள்வார். அதன்பிறகு எவ்வளவு பேரம் பேசினாலும் ஏசினாலும் அவருக்கு ஒன்றுமில்லை. அவரும் ஏசுவார். போணி நேரத்தில் மட்டும் வாய் காக்க வேண்டும். இது எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

அன்று அவர் வாசலில் வந்து குரல் கொடுத்தபோது நான் இறக்கிவிடப் போகவில்லை. அவரே குனிந்து, பெட்டியைப் படியில் சாய்த்து இறக்கினார். ஈரத் துணியை விலக்கினார். சாளை மீன். கண் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்தேன் என்பதை நான் மறுக்க முடியாது. ஒரு மீனை எடுத்துச் செவுளைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டேன்.

"இது நேத்து மீனு. நாறுது. எங்களுக்கு வேண்டாம்" என்றேன்.

என் குரல் வழக்கத்தைவிட உரக்க இருந்தது. எதிர்வீட்டிலும் அடுத்த வீட்டிலும் தட்டோடு வாசலுக்கு வந்திருந்த பெண்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். மீன்காரர் என்னைப் பார்த்தார். மீனைப் பார்க்கவில்லை, அதைப் பற்றி அவருக்கு ஐயம் இல்லை.

"போணி நேரத்துல இந்த வார்த்தையச் சொல்லலாமாளா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் துணியை மூடினார். ஏற்றிவிட நான் கை கொடுப்பேனா என்று ஒரு கணம் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு படிக்குக் கீழே குத்தவைத்து, பெட்டியைத் தன் பக்கம் சரித்துத் தலைக்குக் கொண்டு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தட்டோடு நின்ற பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். அவர் தெருவின் கோடிவரை குரல் கொடுத்தபடி போனார். யாரும் பெட்டியை இறக்கச் சொல்லவில்லை.

அப்போது எனக்கு வருத்தம் ஏற்படவில்லை. உடம்பு லேசாக இருந்தது. முந்தைய மாலையிலிருந்து உள்ளே கிடந்தது வெளியே போய்விட்டிருந்தது. அந்த ஆங்கிலத் தொடரில் 'அவுட்' என்ற சொல் ஏன் இருக்கிறது என்பது அப்போதுதான் உடம்பால் விளங்கியது. வீட்டைக் கூட்டி, உலை வைத்தேன். அரிசி கொதிக்கும்போதுதான் மற்றது நினைவுக்கு வந்தது: எனக்கு ஐந்தாவது உதாரணம் கிடைத்துவிட்டது, அதில் முதல் ஆள் நான்.

அதன்பின் மூன்று நாட்கள் இது வெளியே தெரியாமல் இருந்ததற்கு இரண்டு சமயங்களின் வழக்கங்கள் காரணம். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்காரர்கள் பூசைக்குப் போவார்கள், கடலுக்குப் போக மாட்டார்கள். அன்று வியாபாரமும் இல்லை. அதனால் திங்கட்கிழமை காலையில் மீன் இருக்காது. செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் கவுச்சி சமைப்பதில்லை என்பதால், அன்று அவர் எங்கள் வாசலில் நிற்பதே இல்லை. ஞாயிறு மாலையில் திரும்பிய அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. படிவம் அலமாரியில் நோட்டுக்கு அடியில் இருந்தது. அம்மா இரண்டு முறை அப்பாவிடம் பேச்சைத் தொடங்கினாள். இரண்டு முறையும் அவர் எழுந்து போய்விட்டார்.

புதன்கிழமை அப்பாவுக்கு இரண்டாவது ஷிப்டு. காலையில் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மீன்காரரின் குரல் தெருமுனையில் கேட்டது. எங்கள் வாசலுக்கு அருகில் வந்ததும் நின்றுபோனது. இரண்டு வீடு தள்ளி மறுபடியும் கேட்டது. சட்டியோடு வாசலுக்குப் போன அம்மா கூப்பிட்டாள்.

"ஏளா, என்ன எங்க வாசலத் தாண்டிப் போறே? கண்ணு தெரியலயோ?"

"கண்ணு நல்லாத் தெரியுது யக்கா. எங்கன நிக்கணும், எங்கன நிக்கப்படாதுன்னும் தெரியுது."

"என்ன சொல்லுதா இவ?" என்று அம்மா யாரிடம் என்றில்லாமல் கேட்டாள்.

மீன்காரர் பெட்டியோடு திரும்பி வந்தார். இறக்கவில்லை. "உங்க வீட்டுக் காலேஜுப் பிள்ளைக்கு என் மீனு நாறிச்சாம். இன்னும் மூச்சு அடங்காத சாளை. போணி ஆகுததுக்கு முன்னாலயே வேண்டாமின்னுட்டா. தெருவே வாசல்ல நிக்கி. அன்னைக்குப் பெட்டியோட போனவதான், பாதி மீன உப்புப் போட்டுக் காய வச்சேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். அதற்குள் அப்பா பேப்பரை மடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். அப்பாவைக் கண்டதும் மீன்காரர் குரலைச் சற்றுத் தணித்து, அண்ணாச்சி கேட்டுக்கிடட்டும், நான் பொய் சொல்லவில்லை என்றார்.

அப்பா என்னிடம் கேட்டார். "மீனு கெட்டிருந்துதா?"

இல்லை என்றேன்.

"பின்ன என்னத்துக்குச் சொன்னே?"

எனக்குக் காரணம் தெரியும். அதை அவர் முகத்துக்கு எதிரே, தெருவில் நின்று சொல்ல முடியாது. மீன்காரர்தான் பேசினார்.

"அவ என்ன சொல்லுவா அண்ணாச்சி? யார் மேலயோ உள்ள கோவம். அங்க இறக்கி வைக்க முடியல. நான் தலையில பெட்டியோட வந்து நின்னேன், என் மேல இறக்கி வச்சுட்டா. பெட்டி சொமக்குதவதானே, இதயும் சேத்துச் சொமக்கட்டுமின்னு."

அம்மா வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அப்பா சிரிக்கவில்லை. கையிலிருந்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். அவர் என்னைத் திட்டப் போகிறார் என்று அம்மா காத்திருந்தாள், மீன்காரரும் காத்திருந்தார். அப்பா உள்ளே போனார். பேப்பரை எடுத்த இடத்தில் வைத்தார். பிறகு கிணற்றடியில் வாளி இறங்கும் சத்தம் கேட்டது.

ஜனவரியிலிருந்து நான் தேடிய தமிழ்ச் சொல் அந்த வாசலில் கிடைத்தது என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். கோபத்தைக் காட்டுவது அல்ல, இறக்கி வைப்பது. 'ஆன்' என்ற சின்னச் சொல்லின் பாரம் அதில் அப்படியே இருந்தது. ஆனால் அதைக் குறித்துக்கொள்ளும் நிலையில் அப்போது நான் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று மீன்காரரிடம் சொன்னேன்.

அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. வாயால் சொல்லி வாயால் தீர்க்கிற காரியமா இது என்று கேட்டார். என்ன செய்ய வேண்டும் என்று அம்மா கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை. முன்பே தீர்மானித்து வைத்திருந்தார் போலிருந்தது.

"கெடுத்த கைதான் போணி பண்ணணும். நாளைக்கு இவ தெருமுனைக்கு வரட்டும். சொன்னது தெருவுக்கே கேட்டுது, வாங்குறதும் தெருவுக்கே தெரியட்டும்."

தெருவில் நின்று பேசுவது எனக்கு வராத காரியம். கல்லூரியிலும் கேட்டால்தான் பதில் சொல்லுவேன். இருந்தாலும் வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கடற்கரையிலிருந்து வரும் மணல் சந்து எங்கள் தெருவில் சேரும் இடத்தில், பித்தளைத் தட்டோடு போய் நின்றேன். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. எதிர்வீட்டுப் பெண் கோலம் போட்டு முடித்த பின்னும் உள்ளே போகாமல் இருந்தாள்.

மீன்காரர் வந்தார். நான் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்து இறக்கினேன். அது அவ்வளவு கனம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அம்மா இறக்குவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அவர் துணியை விலக்கி, ஒரு பாறை மீனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"செவுளைப் பாரு. எப்பிடி இருக்கு?"

சிவப்பாக இருக்கிறது என்றேன்.

"தெருவுக்குக் கேக்கலயே. காலேஜுல இவ்வளவு மெதுவாத்தான் பேசச் சொல்லித் தாராவளோ?"

மறுபடியும் சொன்னேன். கோலக்காரி சிரித்தாள். விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். அவர் காசை நெற்றியில் தொட்டுச் சிலுவை வரைந்தார். பெட்டியை ஏற்றிவிட்டபோது, அவசரப்படாதே, கழுத்து நேரே இருக்கட்டும் என்று சொல்லித் தந்தார். பிறகு, நேரே வீட்டுக்குள் போகக் கூடாது, தெருக் கோடிவரை மீனைத் திறந்த தட்டில் ஏந்திப் போய்த் திரும்பி வர வேண்டும் என்றார். போனேன். பதினோரு வீடுகள். அவர் எனக்குப் பின்னால் குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். ஐந்தாவது வீட்டுக்கு மேல் நான் அவர் குரலை மட்டும் கவனித்தேன். திரும்பி வரும்போது மூன்று வாசல்களில் பெட்டி இறங்கியிருந்தது.

எங்கள் வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

அம்மா மீனைக் குழம்பு வைத்தாள். அப்பா ஷிப்டுக்கு முன்னால் சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். தட்டு நகரவில்லை. மணி பத்தரை ஆகியிருந்தது. பன்னிரண்டு மணிக்குத் தபால் கட்டிவிடுவார்கள். நான் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அது வீம்பு அல்ல. அன்று காலையில் ஒருமுறை தெரு முழுக்க நடந்துவிட்டபின், இன்னொன்றைக் கேட்பதற்கு என்னிடம் குரல் இல்லை.

கை கழுவிவிட்டு வந்து அப்பா அம்மாவிடம் கேட்டார்: "அந்தத் தாளு எங்க?"

நான் எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன், நான்காம் பக்கம் மேலே இருக்கும்படி. பேனாவையும் வைத்தேன். அப்பா பேனாவைத் தொடவில்லை. ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து ஒரு மைப்பென்சிலை எடுத்தார். இழுப்பறைக்குப் போனது அல்ல. புதிது, முனை சீவியது. என்னை நேரே பார்த்துக்கொண்டே அதை நாக்கில் தொட்டார். பிறகு கட்டத்துக்குள், கட்டத்தை விட்டு வெளியே போகாமல், முழுப் பெயரையும் எழுதினார். எழுத்து முதலில் சாம்பல் நிறமாக இருந்து ஊதாவாக மாறியது.

கட்டத்துக்குக் கீழே, கையொப்பம் மையினால் இடப்பட வேண்டும் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. நான் அதை முதல் நாளே படித்திருந்தேன்.

"இது போதும்லா?" என்று கேட்டார். கீழுதட்டின் நடுவில் ஒரு புள்ளி ஊதா ஒட்டியிருந்தது.

போதும் என்றேன்.

பதினொன்றரை மணிக்குத் தபால் நிலையத்தில் சேர்த்தேன். ஐந்தாவது உதாரணத்தை நான் நோட்டில் எழுதவில்லை. கேட்பதற்கு வகுப்பும் இல்லை. இவற்றால் யாருடைய இயல்பும் மாறிவிடவில்லை. அடுத்த வாரமே ரசத்தில் உப்புக் கூடியது, தட்டு ஒரு முழம் நகர்ந்தது. மீன்காரர் அந்த மாதம் முழுவதும் என்னைப் பெயர் சொல்லாமல் 'காலேஜு' என்றே கூப்பிட்டார். அம்மா ஊரில் இல்லாத நாட்களில் நான்தான் பெட்டியை இறக்கி ஏற்றினேன்.

ஜூலையில் நேர்காணலுக்குப் பாளையங்கோட்டை போனேன். அலுவலகத்தில் சான்றிதழ்களைச் சரிபார்த்த வயதான குமாஸ்தா நான்காம் பக்கத்தில் நிறுத்தினார். கையெழுத்தை மையில் போட வேண்டும் என்று போட்டிருக்கிறதே, பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

"பின்ன ஏன் பென்சில்ல இருக்கு? நாளைக்கே யாராச்சும் அழிச்சா?"

"அது அழியாது சார். தண்ணி பட்டா இன்னும் அழுத்தமாத்தான் ஆகும்."

அவர் நம்பவில்லை. சுட்டுவிரலை நாக்கில் தொட்டு, அப்பாவின் பெயரின் கடைசி எழுத்தின்மேல் வைத்து ஒருமுறை தேய்த்தார். எழுத்து அப்படியே இருந்தது. விரல் நுனி ஊதாவாகியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேசைமேல் கிடந்த துணியில் துடைத்தார்; போகவில்லை. அந்த விரலாலேயே முத்திரையை எடுத்துப் படிவத்தில் குத்தினார்.